‘இதைப் படித்தால் நானும் அப்படி ஆகிவிடுவேனா?’ – ஆம்பூர் மாணவிக்கு ஒரு பதில்

ஆம்பூர் பக்கத்திலிருந்து ஒரு மாணவி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 22. வேலூரில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு. காலையில் ரயிலில் காட்பாடி, அங்கிருந்து பஸ். அப்பா டேனரி (தோல் பதனிடும் ஆலை) வேலையை முதுகுவலியால் விட்டுவிட்டார், அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறார். டிகிரி படிக்கும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வந்தது, எம்.ஏ.வுக்கு அது கிடையாது என்பதால் கட்டணத்தில் பாதியைத் தாய்மாமன் கட்டுகிறார். இந்த வருஷம் பாலினம், பாலியல் பற்றிய கோட்பாடுகள் ஒரு தாள். “முதல் தடவையா எங்க வீட்டைப் பத்தி யாரோ எழுதின மாதிரி இருந்தது” என்கிறார். தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டும் ஆண்களைப் பற்றி ப்ராஜெக்ட் செய்ய ஆசை. வழிகாட்டியோ “சேஃபா வேற எதையாவது எடும்மா” என்கிறார். இதற்கு நடுவில் மாமா அவருடைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் சத்தம் போட்டிருக்கிறார்: இது படிப்பே இல்லை, புத்தி கெட்டுப்போகும், வேலூரில் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டிவிடலாம், பரீட்சை முடிந்ததும் மாப்பிள்ளை பார்த்துவிடலாம். கடைசிப் பக்கத்தில் இன்னொன்று. படிக்கப் படிக்கத் தன்மேலேயே சந்தேகம் வருகிறதாம். கூடப் படிக்கும் ஒரு தோழிமேல் இருப்பது வெறும் பிரியம்தானா என்று தெரியவில்லையாம்.

சரி, இனி உங்களிடமே பேசுகிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மற்ற மூன்றையும் பேனாவால் எழுதிவிட்டு அதை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள், அழித்து மறுபடி எழுதிய தடமும் தெரிகிறது.

ஒரு பாடத்தைப் படிப்பதால் யாருடைய ஈர்ப்பும் மாறாது. மாறும் என்றால், ஒன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து சினிமா, சீரியல், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் ஆண்–பெண் ஜோடியை மட்டுமே காட்டிக்கொண்டிருக்கும் நம் ஊரில் ஒருபால் ஈர்ப்புள்ளவர் ஒருத்தர்கூட இருந்திருக்க முடியாது. மருத்துவக் கல்லூரி மாணவர்கள் எந்த நோயைப் பற்றிப் படிக்கிறார்களோ அந்த வாரம் அது தங்களுக்கே இருப்பதாக நினைத்துத் தூக்கம் கெடுவார்கள், வேலூரில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை கிடைக்கும். உங்களுக்கு நடப்பதில் பாதி அதுதான். என்ன, இங்கே பேச்சு நோயைப் பற்றியதே அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும் உலக சுகாதார நிறுவனம் 1990இலும் ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன.

மீதிப் பாதி உண்மையாகவும் இருக்கலாம். தோழிமேல் இருப்பது நட்பா, காதலா, நீங்கள் இன்னும் பேர் வைக்காத வேறொன்றா என்று எனக்குத் தெரியாது. ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் அவரை நம்பாதீர்கள். செமஸ்டர் முடிவதற்குள் விடை எழுதியாக வேண்டிய கேள்வியும் இல்லை இது.

“வீட்டில் சொல்லாமல் இருப்பது துரோகம் போல இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தாளில் பிரெஞ்சுத் தத்துவவாதி ஃபூக்கோ இருக்கிறார் இல்லையா, பாலியலின் வரலாறு பற்றி அவர் 1976இல் எழுதியதை இன்னொரு முறை படியுங்கள், இந்த முறை தேர்வுக்காக இல்லாமல். ஒருவருடைய பாலியல்தான் அவரைப் பற்றிய ஆழமான உண்மை, அதை வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும் என்ற நெருக்கடி ஐரோப்பாவில் எப்படி உருவானது, பாதிரியாரிடம் சொன்ன பாவமன்னிப்பு எப்படி டாக்டரின் அறைக்கும் விசாரணைக்கும் இடம் மாறியது என்பதுதான் அவருடைய கேள்வி. நீங்கள் படிக்கும் கோட்பாடே அந்த அவசரத்தைச் சந்தேகப்படச் சொல்கிறது. சொல்வது உங்கள் உரிமை, கடமை இல்லை. நடைமுறையிலும் பாருங்கள், பாதிக் கட்டணம் மாமாவின் கையில் இருக்கும்போது, உங்களுக்கே தெளிவில்லாத ஒன்றை வீட்டின் நடுவில் போட்டு உடைத்தால் அதற்கு விலை கொடுக்கப்போவது நீங்கள்தான். பொய் சொல்லச் சொல்லவில்லை. யாரிடம், எப்போது என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்லர் சொன்னது கூத்து வேஷம் அல்ல

பாலினக் கோட்பாட்டாளர் ஜூடித் பட்லரைப் பற்றி ப்ராஜெக்ட் குறிப்பில் எழுதிய ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது. “ஆண் பெண் வேஷம் கட்டுவதே பாலினம் வெறும் வேஷம்தான் என்ற பட்லரின் கருத்துக்குச் சான்று.” இதை இப்படியே எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வீர்கள்.

கூத்தில் பெண் வேஷக்காரர் ராத்திரி அரிதாரம் பூசி, ஜடை வைத்து, புடவை கட்டி வருகிறார். விடிந்ததும் கலைத்துவிட்டு நிலத்துக்கோ வேறு வேலைக்கோ போகிறார். அது வேஷம் என்று அவருக்கும் தெரியும், பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊருக்கும் தெரியும். பட்லர் 1990இல் வந்த புத்தகத்தில் பேசியது, தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கலைக்க முடியாத ஒன்றைப் பற்றி. “பொம்பளப் புள்ள, காலை ஒடுக்கி உக்காரு”, “வாசல்ல நிக்காத”, “என்ன சிரிப்பு இது” என்று ஐந்து வயசிலிருந்து கேட்டுக் கேட்டு, இப்போது 22 வயதில் காட்பாடி ரயிலில் பக்கத்து ஆள் முட்டியை விரித்து உட்கார்ந்ததும் யாரும் சொல்லாமலே நீங்கள் ஜன்னலோரம் ஒடுங்கிக்கொள்கிறீர்களே, அந்த ஒடுங்கல்தான் விஷயம். திரும்பத் திரும்பச் செய்ததாலேயே அது பெண்ணின் இயல்பு போலத் தெரிகிறது. அதை மீறினால் தண்டிக்க ஆள் இருக்கிறது, அத்தை, கண்டக்டர், மாமா என்று. நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டதைப் போலவே உலகத்தில் பாதிப் பேர் புரிந்துகொண்டதால்தான், காலையில் பீரோவைத் திறந்து இன்றைக்கு எந்தப் பாலினம் என்று எடுத்து மாட்டிக்கொள்கிற சமாசாரம் இல்லை இது என்று பட்லர் 1993இல் வந்த அடுத்த புத்தகத்தின் முன்னுரையிலேயே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே வெட்கப்பட வேண்டாம், ரொம்பப் பெரிய கூட்டத்தோடுதான் இருக்கிறீர்கள்.

அப்படியானால் கூத்தை விட்டுவிடவா என்றால், கூடாது. கேள்வியை மாற்றினால் அது இன்னும் நல்ல தலைப்பு. பாஞ்சாலியின் துகிலுரியும் கட்டம் வரும்போது நடிப்பை நிறுத்திக் கற்பூரம் ஏற்றிக் கும்பிடும் வழக்கம் கூத்துக்காரர்களிடம் உண்டு. அந்த நிமிஷத்தில் புடவை கட்டிய அந்த ஆண் யார்? முந்தானையைப் பிடிக்கும் விதம், நடை, அழுகை இதையெல்லாம் யாரிடம் பார்த்துக் கற்றார், அது எந்தச் சாதி, எந்த வயது வீட்டுப் பெண்ணின் நடை? கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ராஜா வேஷம் ஆடுபவருக்கும் பெண் வேஷக்காரருக்கும் கூலியிலும் மரியாதையிலும் வித்தியாசம் உண்டா? விராடன் அரண்மனையில் அர்ச்சுனன் ஆணுமல்லாத பெண்ணுமல்லாத பிருகன்னளையாக ஒரு வருஷம் இருந்ததை ஊர் எப்படி ரசிக்கிறது, அதே ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு திருநங்கையை எப்படிப் பார்க்கிறது? இதில் ஏதாவது ஒரு கேள்வி போதும். நான்கையும் எடுத்துக்கொண்டால் எம்.ஏ. ப்ராஜெக்ட்டில் மூச்சு முட்டும்.

மேல்நாட்டுச் சரக்கா?

மாமா மட்டும் இல்லை, நீங்களும் பாதி அப்படித்தான் நினைக்கிறீர்கள், இல்லாவிட்டால் “நமக்கு ஒட்டுமா” என்று மூன்று இடத்தில் கேட்டிருக்க மாட்டீர்கள். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் 25 வயது அம்பேத்கர் படித்த கட்டுரையை எடுத்துப் பாருங்கள். அகமணம்தான், அதாவது சாதிக்குள்ளேயே கல்யாணம் என்பதுதான் சாதியின் உயிர்நாடி, அந்த வேலியைக் காப்பாற்றத்தான் உடன்கட்டையும் விதவைக் கொடுமையும் குழந்தை மணமும் என்றார். பெண்ணின் உடலைக் கட்டுப்படுத்தாமல் சாதி நிற்காது என்ற வாதம் அது. பரீட்சை முடிந்ததும் மாப்பிள்ளை என்று மாமா சொன்னது, அவருக்கே தெரியாமல், அதற்கு ஓர் அடிக்குறிப்பு. பெரியார் 1920களிலிருந்து குடிஅரசு இதழில் கற்பு, கல்யாணம், கர்ப்பத்தடை பற்றி எழுதியவை உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும் பலதைவிடக் காரமானவை. இன்னும் பின்னால் போனால், சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில், ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்தில் ஆடும் பேடு ஒன்று. இறக்குமதிச் சரக்கு என்று ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால், 1860இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத்தான் சொல்ல வேண்டும், அதில் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய பகுதியை நீக்க உச்ச நீதிமன்றத்துக்கு 2018 செப்டம்பர் 6 வரை ஆனது.

அதற்காக வெளிநாட்டில் எழுதியதை ஒதுக்கவும் வேண்டாம். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷா 1989இல் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று கார் தொழிற்சாலைக் கறுப்பினப் பெண்களுடையது. கம்பெனி பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, அவர்கள் அலுவலகத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்கள். கறுப்பர்களையும் எடுத்திருக்கிறது, அவர்கள் ஆண்கள். எனவே பாகுபாடு இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, கறுப்பினப் பெண்கள் இரண்டு கணக்கிலும் வரவில்லை. உங்கள் அம்மாவின் கம்பெனியில் சூப்பர்வைசர் யார், தையல் மெஷினில் யார், அப்பா வேலை பார்த்த டேனரியில் தோலை ஊறவைக்கும் இடத்தில் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், கிரென்ஷா ஒட்டுகிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

கூத்துக்காரரைப் பார்க்கப் போகும் முன்

“பெண் வேஷம் கட்டுபவர்களின் பாலீர்ப்பைக் கேட்டு அறிய வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பெண் வேஷம் கட்டுபவர் எல்லாம் ‘அப்படித்தான்’ என்பது ஊர்ப்பேச்சு, அதையே கேள்வித்தாளாக மாற்றி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் மனைவி மக்களோடு இருப்பவராக இருக்கலாம், தன்னைத் திருநங்கையாக உணர்பவராக இருக்கலாம், இரண்டும் இல்லாமல் நல்ல குரல் இருந்ததால் வாத்தியார் புடவையைக் கட்டிவிட்டவராகவும் இருக்கலாம். அவராகச் சொன்னால் கேளுங்கள். திருநங்கை ஒருவரிடம் பேசினால் ஆபரேஷன் பற்றிய கேள்வி உங்கள் ஆராய்ச்சிக்குத் தேவையா என்று யோசியுங்கள், அநேகமாகத் தேவைப்படாது.

பேசுவதற்கு முன் எதற்கு, எங்கே அச்சாகும் என்று தமிழில் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். பேரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், ஊர் பேரும் குழுவின் பேரும் இருந்தால் யாரென்று சுற்றுவட்டாரத்துக்கே தெரியும், ப்ராஜெக்ட் நூலகத்தில் கிடக்கும். வழிகாட்டி “சேஃபா” என்று சொன்னதில் இந்தப் பயம் இருக்கலாம், வெளித்தேர்வாளர் பயமும் இருக்கலாம். உங்கள்மேல் வெறுப்பு என்று முடிவு கட்டாமல், “வட ஆர்க்காடு தெருக்கூத்தில் பெண் வேஷம்: பயிற்சியும் மரியாதையும்” என்பது போல ஒரு தலைப்போடும், ஒப்புதல் படிவ மாதிரியோடும் போய்ப் பாருங்கள். இன்னொரு சிக்கல், மகாபாரதக் கூத்து நடந்து, துரியோதனனை வீழ்த்தும் படுகளத்தோடு முடிவது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில், அந்த நேரத்தில் உங்களுக்குப் பரீட்சை. அதனால் கூத்து பார்ப்பதைவிடக் கலைஞர்களிடம் பேசுவதை அடிப்படையாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மாமா சொல்லும் டாக்டர்

வேலூர்க்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் “ஒரு டாக்டரைப் பார்த்துடலாம்” என்பது ரத்தத்தில் ஊறியது, ஊர் ஊராக ஜனங்கள் வைத்தியத்துக்கு இங்கே வந்து இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். மாமாவுக்குக் கெட்ட எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்புகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. புத்தகம் படிப்பது எந்தப் பட்டியலிலும் நோய் இல்லை. பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று கிளம்பும் ‘சிகிச்சை’யைத் தடை செய்து சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டது, அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. மாத்திரையோ ஹார்மோனோ மந்திரித்த கயிறோ, எதுவும் ஈர்ப்பை மாற்றாது, மனச்சோர்வைத்தான் கொண்டுவரும்.

ஒரு மனநல ஆலோசகரை நீங்களே விரும்பிப் பார்ப்பது வேறு. பார்க்கலாம், நல்லது. தனியாக உள்ளே போங்கள். நான் சொல்வதை வீட்டில் சொல்வீர்களா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள், அவர் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி புரிந்துவிடும்.

நீங்கள் மேஜர். படிப்பை நிறுத்தவோ கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைக்கவோ வீட்டில் அடைத்துவைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அப்படி ஏதாவது நடந்தால் 181 பெண்கள் உதவி எண், இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்ணாக இருந்தாலே போதும், வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துத்தரும். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த வேலூர் மாவட்டக் காவல்துறையும் எதிர்மனுதாரராக இருந்த ஓர் ஆட்கொணர்வு வழக்கில், பெற்றோர் பிடித்துவைத்திருந்த, ஒருபால் ஈர்ப்புள்ள 25 வயதுப் பெண்ணை அவர் விருப்பப்படி போக விட்டதோடு, குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டும் அமைவதில்லை என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் ஒருபால் திருமணத்துக்கு நம் நாட்டில் சட்ட ஏற்பு இல்லை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தேவைப்படும் என்று சொல்லவில்லை. தேவைப்படும் நாளில் தேட நேரம் இருக்காது என்பதால் சொல்கிறேன். அதேபோல மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டு, அசல் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

வேலை கிடைக்குமா?

இந்தப் படிப்பை மட்டும் வைத்து வேலை என்றால், குறைவுதான். அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் எம்.ஏ.வை விட்டுவிட்டு ஜென்டர் ஸ்டடீஸில் இன்னொரு எம்.ஏ. செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அது அவசியமே இல்லை. ஆங்கிலத்திலேயே நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதுங்கள், இலக்கியக் கோட்பாடும் பண்பாட்டு ஆய்வும் அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கின்றன, இப்போது படிப்பது அங்கே நேராக உதவும். அதில் ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது கையில் இருந்தால் மாமாவின் பாதிக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. பிறகு பாலினம் சார்ந்த தலைப்பில் பிஎச்.டி.க்குப் பல துறைகளில் விண்ணப்பிக்கலாம், திருச்சி பாரதிதாசன் பல்கலையில் மகளிரியல் துறை இருக்கிறது, கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலை இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பதானால் இக்னோ திறந்தநிலைப் பல்கலையில் தொலைநிலையில் எம்.ஏ. மகளிர் மற்றும் பாலினவியல் உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள்ளகக் குழு கட்டாயம் என்பது 2013 சட்டம், அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பதில் பெரும்பகுதி பெண்கள். தமிழில் புரியும்படி இதைப் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படும் ஊர் இது. ஆங்கிலத்தில் மட்டும் பட்லர் பேசுபவருக்கு இங்கே வேலை இல்லை, தையல் லைனில் நிற்கும் பெண்ணிடம் பேசத் தெரிந்தவருக்கு உண்டு. அம்மாவிடம் அவர் கம்பெனியில் குழு இருக்கிறதா, அதன் பேர்ப்பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அம்மாவிடம் பேசுவதைப் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை, மாமா மாமா என்றே போகிறது கடிதம். அம்மாவிடம் கோட்பாடு எல்லாம் பேச வேண்டாம். கம்பெனி லீவு நாளில் சமைத்துக்கொண்டிருக்கும்போது, சின்ன வயசில் அவர் ஊரில் பாரதம் நடந்ததா, பாஞ்சாலி வேஷம் யார் கட்டினார், பெண்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். அது உங்கள் முதல் நேர்காணலாகவும் இருக்கும், நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று அவருக்கும் கொஞ்சம் விளங்கும். மாமாவிடம் பேசும் வேலையை அப்புறம் அம்மாவிடமே விட்டுவிடுங்கள், அக்கா சொன்னால் தம்பி கேட்கக்கூடும், அக்கா மகள் சொல்லி எந்த மாமா கேட்டிருக்கிறார்? தலைப்பைப் பதிவு செய்யக் கடைசி நாள் எது என்று எழுதவில்லை, அதற்குள் வழிகாட்டியைப் பார்த்துவிடுங்கள்.